தேவாசிரிய மண்டபத்துத் திருவுலா ஓவியம்

திருவாரூர்ப் பூங்கோயிலை வலம் வரும் அன்பர்களுள் பலர் தேவாசிரிய மண்டபத்தை ஒரு கும்பிடோடு கடந்துவிடுகின்றனர். நிமிர்ந்து விதானத்தைக் காண்பவர் சிலரே. அங்கே 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, தஞ்சை மராத்தியர் காலத்தில் தீட்டப்பெற்ற ஓவியங்கள் உள்ளன. தீட்டியவர் சிங்காதனம் என்பவர். அவர் பெயரும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது.

பொருள், முசுகுந்தச் சக்கரவர்த்தியின் வரலாறு. கயிலையில் வில்வத்தழையைப் பறித்துச் சிவபிரான்மேல் இட்ட குரங்கே பின்னர் மன்னராகப் பிறந்தது என்பது புராணம். அரச பதவி வந்தபோதும் அந்த முகமே வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் அவர். ஆதலின் ஓவியத்திலும் குரங்குமுகத்தைக் கொண்டு அவரை இனங்காணலாம். இந்திரன் ஏழு திருமேனிகளைக் காட்டி மயக்க, உண்மைத் தியாகேசரை அவர் தேர்ந்தார். ஏழும் அவருக்கே கிடைத்தன. சப்தவிடங்கத் தலங்கள் அமைந்தன.

ஓவியர் இவ்வளவில் நிற்கவில்லை. ஆரூர்த் திருவிழாவையும் பட்டை பட்டையாக விரித்துவிட்டார். கொடியும் குடையும் ஏந்துவோர், வாத்தியம் வாசிப்போர், ஆடும் மகளிர், வாண வேடிக்கை எனக் கூட்டம் நிறைகிறது. காட்சிகளின் கீழே தமிழில் விளக்கமும் உண்டு. தேவலோகத்துக் கதையும் தெருவில் கண்ட விழாவும் ஒரே விதானத்தில் கலந்துவிட்டன.

விரிவுரை ஒன்றின் முடிவில் அன்பர் ஒருவர் நம்மை வினவினார்: "சுவாமியை விட்டு வாணக்காரனை ஏன் பார்க்கவேண்டும்?" நியாயமான கேள்விதான். அந்த மண்டபம் எது என்பதை எண்ணினால் விடை கிடைக்கும். அங்கே குழுமியிருந்த அடியார் கூட்டத்தைக் கண்டுதான், இவர்களுக்கு ஆட்படவேண்டும் என்று சுந்தரர் உளங்கொண்டார். இறைவன் அடியெடுத்துக் கொடுக்கத் திருத்தொண்டத்தொகை பிறந்தது. அடியாரைத் தொழுத இடத்தின் விதானத்தில் அடியார் கூட்டத்தைத் தீட்டாமல் வேறு எதைத் தீட்டுவது? ஓவியர் இதை எண்ணியே செய்தார் என்று நாம் சாதிக்கமாட்டோம். ஆயினும் இடம் அப்படிப் படிக்கச் சொல்கிறது.

மேலும், தியாகேசரின் திருமேனி மலராலும் ஆடையாலும் மறைந்திருக்கும். நாம் காண்பது திருமுகமே. அசபா நடனமாடி அவர் எழுந்தருளும்போது, அந்த அசைவைத் தாங்கி வருவது சூழ்ந்துள்ள தொண்டர்களின் தோள்களே.

சில இடங்களில் சுதை பெயர்ந்து உருவங்கள் சிதைந்துள்ளன. அன்பர்கள் அடுத்தமுறை ஆரூர் செல்லுங்கால், மண்டபம் திறந்திருப்பின் விளக்கவரிகளையும் படித்துக்கொண்டே மெல்ல நடக்கலாம். கழுத்துச் சற்று வலிக்கும், நமக்கும் வலித்தது.