14 ஆண்டு கழித்து வரும் வலிப்பு

மூளைக்காயத்தின் பின்விளைவு நிதானமாக வருகிறது. அதை ஆராயத் தேவையான பணமோ ஆண்டுக்கு ஆண்டு எண்ணித் தரப்படுகிறது.

வியட்நாம் போரில் தலையில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்காக ஓர் எளிய படிவம் தயாரானது. 1967-க்கும் 1970-க்கும் இடையே ராணுவ டாக்டர்கள் சுமார் 2,000 பேருக்கு அதை நிரப்பி வைத்தார்கள். ஏற்பாடு செய்தவர் கடற்படை நரம்பியல் நிபுணர் வில்லியம் கேவ்னஸ். கொரியப் போரில் தலையில் அடிபட்டவர்களை ஏற்கனவே ஆராய்ந்தவர் அவர். போருக்குப் போர் அறுவை சிகிச்சை மேம்பட்டுக்கொண்டே வந்தது. ஆனால் பிழைத்தவர்களில் வலிப்பு நோய்க்கு ஆளாகிறவர்களின் விகிதம் குறையவில்லை.

கேவ்னஸ் 1981-ல் இறந்துவிட்டார். படிவங்கள் இருந்தன. அதே ஆண்டில் தொடங்கி, அந்த வீரர்களில் சுமார் 520 பேரை வாஷிங்டனில் அப்போது இருந்த வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு வரவழைத்து விரிவாகப் பரிசோதித்தார்கள். 1985-ல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மூளையைத் துளைத்த காயத்தோடு பிழைத்த 421 பேரில் 53 சதவீதத்தினருக்கு வலிப்பு நோய். அவர்களில் பாதிப் பேருக்குக் காயம்பட்டு 15 ஆண்டுகள் ஆன பிறகும் வலிப்பு நிற்கவில்லை.

அதைவிட முக்கியமான தகவலுக்கு இன்னும் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003-ல் மூன்றாவது கட்ட ஆய்வு தொடங்கியது. இதில் ஆராயப்பட்ட 199 பேரில் 87 பேர் வலிப்பு நோயாளிகள். இந்த 87 பேரில் 11 பேருக்கு முதல் வலிப்பு வந்ததே காயம்பட்டு 14 ஆண்டுகள் தாண்டிய பிறகுதான். பதிவேட்டை யாராவது குப்பையில் போட்டிருந்தால், அந்த 11 பேரின் வலிப்புக்கும் பழைய குண்டுக்கும் உள்ள தொடர்பு வெளியே தெரிந்திருக்காது.

இவ்வளவு தாமதம் ஏன்? காயம் மேலே ஆறினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கசிந்த ரத்தத்திலுள்ள இரும்புச்சத்து திசுக்களைப் பாதிக்கிறது. மின்துடிப்பை அடக்கி வைக்கும் நரம்புச் செல்கள் சில இறந்துபோகின்றன. மிஞ்சியவை புதிய, கோணலான இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஒருநாள் மின்புயல் கிளம்புகிறது. இந்த இடைவெளியில் குறுக்கிட்டு நோயைத் தடுக்க மருந்து இன்றுவரை இல்லை. வலிப்புக்கு வெகுகாலமாகத் தரப்படும் ஃபெனிடாயினை (நம் மருந்துக் கடைகளில் எப்டாயின்) அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தலைக்காயம்பட்ட 404 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 1990-ல் முடிவு வந்தது. முதல் வாரத்தில் வலிப்பு 14.2 சதவீதத்திலிருந்து 3.6 ஆகக் குறைந்தது. அதன் பிறகு மருந்து சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் வித்தியாசம் இல்லை.

தடுப்பு மருந்து கண்டுபிடிப்பதில் கம்பெனிகள் ஆர்வம் காட்டாததற்குக் கணக்குப் போட்டாலே காரணம் புரியும். போர்க்காயம் அல்லாத சாதாரண விபத்துகளில், கடுமையான மூளைக்காயம் பட்டவர்களில்கூட 30 ஆண்டுகளுக்குள் வலிப்பு நோய் வருவது 16.7 சதவீதத்தினருக்குத்தான் என்று மின்னசோட்டா மாநிலத்தில் 4,541 பேரிடம் நடந்த ஆய்வு சொல்கிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே நூற்றுக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுத்து, ஊர் மாறி வீடு மாறிப் போகிறவர்களைத் தேடிப்பிடித்து ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும். அதற்குள் மருந்தின் காப்புரிமைக் காலம் கரைந்துவிடும். அரசுதான் பணம் போட வேண்டும்.

அப்படிப் போட்ட பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் ஓய்வூதியச் சட்டம். ராணுவத்திலிருந்து விடுபட்ட ஓராண்டுக்குள் வலிப்பு வந்தால், அது பணிக்காலத்தோடு தொடர்புடையது என்று அமெரிக்க விதி தானாகவே ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பின் வந்தால் நிரூபிப்பது வீரரின் பாடு. 14 ஆண்டு கழித்து வந்தவர் என்ன சொல்லி நிரூபிப்பார்? 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதி, நடுத்தரமான அல்லது கடுமையான மூளைக்காயத்துக்குப் பின் காரணமின்றி வரும் வலிப்பை அந்தக் காயத்தின் விளைவாகவே கருதுகிறது. மறதி நோய்க்கு 15 ஆண்டு வரம்பு வைத்த அதே விதி, வலிப்புக்குக் கால வரம்பே வைக்கவில்லை.

இராக், ஆப்கானிஸ்தான் போர்களில்தான் வாஷிங்டனின் பர்ஸ் மறுபடி திறந்தது. 2000 முதல் அமெரிக்கப் படைகளில் பதிவான மூளைக்காயங்கள் 4 லட்சத்துக்கும் மேல், பெரும்பாலானவை லேசானவை. முன்னாள் வீரர்களுக்காக 4 முதல் 6 வலிப்பு நோய் மையங்கள் அமைக்க 2008-ல் சட்டம் வந்தது. 2009 முதல் 2013 வரை ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் என்று அதிலேயே எழுதப்பட்டது. காயத்துக்குப் பின் வரும் வலிப்பை ஆராய பாதுகாப்புத் துறை 2015-ல் 75 லட்சம் டாலரில் தனித் திட்டம் தொடங்கியது. தேசிய சுகாதார நிறுவனங்கள் 2017-ல் சுமார் 2.1 கோடி டாலருக்கு ஐந்தாண்டு ஆய்வொன்றை அனுமதித்தன. நல்ல தொகைதான். ஆனால் அந்த ஆய்வில் நோயாளிகளைப் பின்தொடர ஒதுக்கிய காலம் இரண்டு ஆண்டுகள். அந்த 11 பேரில் ஒருவர்கூட இந்த வலையில் சிக்கியிருக்க மாட்டார்.

ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் வரும் பணம் வாக்கெடுப்பிலேயே போகவும் செய்யும். பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆராய்ச்சித் திட்டங்களுக்கு 2024-ல் கிடைத்தது சுமார் 151 கோடி டாலர். 2025 மார்ச்சில் காங்கிரஸ் நிறைவேற்றிய நிதி மசோதாவில் அது 65 கோடியாகச் சுருங்கியது.

இந்தியாவில் போரே தேவையில்லை. சாலைகள் போதும். 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள், 4.43 லட்சம் பேர் காயமடைந்தார்கள் என்கிறது மத்திய அரசின் ஆண்டறிக்கை. ஹெல்மெட் இல்லாமல் போன இளைஞர்கள் இதில் ஏராளம். அறிக்கையில் இறந்தவர், படுகாயம், லேசான காயம் என்று பிரிவுகள் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, வேலைக்குச் சேர்ந்து, ஐந்தாறு வருடம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் முதல் வலிப்பு வந்து விழுகிறவருக்கு அதில் இடமில்லை. ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் கூட்டத்தில் யாரும் பழைய விபத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பல நேரங்களில் டாக்டரிடம் அவரே அதைச் சொல்வதில்லை.