நாடுகளுக்கிடையிலான கருத்தாய்வில் மலேசியத் தமிழர்: மாதிரியும் மொழியும்

முன்னுரை

அரசு, மக்களாட்சி, சமயம், பிற இனத்தார் ஆகியவை குறித்து மக்கள் கொண்டுள்ள மனப்பாங்கினைப் பல நாடுகளில் ஒரே வினாநிரலால் அளந்து ஒப்பிடுவது இன்று நிலைபெற்றுவிட்ட ஓர் ஆய்வுமுறையாகும். ஆல்மண்ட், வெர்பா ஆகிய இருவரும் அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகளில் நிகழ்த்தி, 1963ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு வழிகாட்டியது. மலேசியா, உலக விழுமிய ஆய்வில் 2006, 2012, 2018ஆம் ஆண்டுகளிலும், ஆசிய பாரோமீட்டர் ஆய்வில் 2007ஆம் ஆண்டு முதலும் இடம்பெற்றது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 பேர் வரை வினவப்பட்டனர்.

இத்தகைய முடிவுகளைக் கொண்டு 'மலேசிய இந்தியர் இவ்வாறு கருதுகின்றனர்' என்று கூறப்படும்பொழுது, அக்கூற்றினை எந்த அளவிற்கு ஏற்கலாம்? மாதிரித் தேர்வு, மொழி ஆகிய இரண்டின் வழி நின்று இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாதிரித் தேர்வும் செராஸ் வட்டாரமும்

மக்கள் அனைவரையும் வினவ இயலாது. ஆகவே, ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இன்னதென அறியத்தக்க முறையில் ஒரு சிறு தொகுதியினரைத் தெரிவு செய்கின்றனர். மலேசியாவில் இதற்கு அடிப்படையாக அமையக்கூடியவை புள்ளியியல் துறையின் கணக்கெடுப்புத் தொகுதிகள். ஒரு தொகுதியில் ஏறத்தாழ 80 முதல் 120 குடியிருப்புகள் வரை அடங்கும்.

செராஸ் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மக்கள் இதனை ஓர் ஊராகவே கருதினும், இதன் ஒரு பகுதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்திலும் மறுபகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. மாநிலவாரியாகப் பிரித்து மாதிரியைத் தெரிவு செய்யும்பொழுது, இவ்விரு பகுதியினரும் வெவ்வேறு பிரிவுகளுள் சென்று சேர்வர். காவலர் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நேர்காண்போர் உள்ளே நுழைவதே அரிது. நுழைந்த பின்னரும் கதவைத் திறப்பவரையே வினவினால், பகலில் வீட்டிலிருப்போரின் கருத்து மட்டுமே பதிவாகும். ஆகவேதான், வீட்டிலுள்ளோருள் யாரை வினவுவது என்பதை முன்பே வகுத்த அட்டவணையால் முடிவு செய்யும் முறையினை லெஸ்லி கிஷ் 1949ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார்.

எண்பது பேரின் குரல்

2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, மலேசியக் குடிமக்களுள் இந்தியர் 6.7 விழுக்காட்டினர். எனவே, 1,200 பேர் கொண்ட மாதிரியில் இந்தியர் ஏறத்தாழ 80 பேரே இருப்பர். எளிய சமவாய்ப்புத் தேர்வில், 1,200 பேரின் விடைகளுக்குரிய பிழை எல்லை, 95 விழுக்காட்டு உறுதிநிலையில், ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளிகள். 80 பேருக்கோ அது 11 புள்ளிகளாக உயர்கின்றது. 50 விழுக்காடு எனப் பெறப்பட்ட ஒன்று, உண்மையில் 39ஆகவோ 61ஆகவோ இருத்தல் கூடும். அந்த எண்பதின்மருள் தமிழர் எத்தனை பேர், தோட்டத்தில் வாழ்வோர் எத்தனை பேர், தமிழ்ப்பள்ளியில் பயின்றோர் எத்தனை பேர் எனப் பிரிக்கத் தொடங்கினால், எண்கள் பொருளற்றுப் போகும்.

இதற்குத் தீர்வு உண்டு. இந்தியர் 400 பேரை வினவினால் பிழை எல்லை 5 புள்ளிகளாகக் குறையும். நாட்டளவிலான கணக்கில் அவர்தம் விடைகளுக்கு உரிய விகிதமே எடையாக வழங்கப்படுமாதலின், மொத்த முடிவு பிறழாது. இதற்குத் தடையாக நிற்பது செலவேயன்றி முறையன்று.

'நம்பிக்கை' என்னும் ஒரு சொல்

மாதிரி செம்மையாக அமைந்தாலும், வினா பிழைபடின் விடையும் பிழைபடும். கடவுளை நம்புகிறீர்களா, பெரும்பாலான மனிதரை நம்பலாமா, காவல்துறையின்மீது எவ்வளவு நம்பிக்கை கொண்டுள்ளீர்கள் என்னும் மூன்றும் உலக விழுமிய ஆய்வில் கேட்கப்படுவன. ஆங்கிலத்தில் இவற்றுக்கு மூன்று தனிச்சொற்கள் உள. மலாயில் 'பெர்ச்சாயா', 'யாக்கின்' என இரண்டினைக் கையாளலாம். தமிழிலோ மூன்றும் 'நம்பிக்கை' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. இறைவனுக்குரிய சொல்லாலேயே காவல்துறையையும் வினவும்பொழுது, ஒன்றன் சாயல் மற்றொன்றில் படியக்கூடும் என்று கருத இடமுண்டு. மொழிபெயர்ப்பை மீண்டும் ஆங்கிலத்திற்குக் கொணர்ந்து சரிபார்த்தாலும், சூழலை நோக்கி உரிய ஆங்கிலச் சொல்லையே மொழிபெயர்ப்பாளர் இடுவாராதலால், இக்குறை புலப்படாது.

பிறிதொரு சிக்கல் இரட்டை வழக்கு. வினாநிரல் எழுத்துத் தமிழில் அமைகின்றது. வாசலில் நின்று வினவுவது பேச்சுத் தமிழில். 'அரசியல் கட்சிகளின் செயற்பாடுகள்' என்னும் தொடரை நேர்காண்போர் தத்தம் வழக்கிற்கேற்ப மாற்றி உரைப்பின், ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு வினாவே கேட்கப்பட்டதாகும்.

அளவுகோலை நேர்செய்தல்

சொல் பொருந்தினும், 'ஓரளவு', 'மிகுதி' என்பன எல்லார்க்கும் ஒன்றல்ல. அரசின் முடிவுகளில் தமக்குள்ள செல்வாக்குப் பற்றிய வினாவிற்கு, மெக்சிகோ மக்களைவிடச் சீன மக்கள் மிகுதியெனவே விடையளித்தனர். கேரி கிங் குழுவினர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதனை ஆராய்ந்தனர். தூய குடிநீர் இன்றித் தவிக்கும் ஒருவர் போன்ற கற்பனை மாந்தரின் நிலையைக் கூறி, அவருக்குள்ள செல்வாக்கினையும் அதே அளவுகோலால் மதிப்பிடுமாறு வேண்டினர். அம்மதிப்பீட்டைக் கொண்டு விடைகளைச் சரிசெய்தபொழுது வரிசை தலைகீழாயிற்று.

முடிவுரை

ஐரோப்பியச் சமூக ஆய்வு 2002ஆம் ஆண்டு முதல் ஒரு நெறியினைக் கைக்கொண்டு வருகின்றது. மொழிபெயர்ப்பாளர் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, ஒரு குழு அவற்றை ஒப்பிட்டு முடிவு செய்து, முன்சோதனையும் நிகழ்த்தி, எடுத்த முடிவுகளுக்கான காரணங்களையும் பதிவு செய்கின்றது. மலேசியத் தமிழ் வினாநிரலுக்கும் இந்நெறி வேண்டப்படுகின்றது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் அறிந்த தமிழாசிரியரே அக்குழுவில் அமர்தற்கு உரியவர். எண்பது பேரின் விடைகளைக் கொண்டு நம் சமுதாயம் அளக்கப்படுமாயின், அவ்வெண்பதின்மரிடமேனும் வினா செவ்வனே சென்று சேர்தல் வேண்டும். அதனை உறுதிசெய்யும் பொறுப்பு புள்ளியியலாருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியதாகும்.