பழைய சமாளிப்பை எப்போது கழற்றலாம்?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலை, ஒரு சங்கம், ஒரு சிறு அலுவலகம் என எங்காவது கணினிகளைப் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? ஒரே சேர்வருக்குள் நாலைந்து கணினிகளை ஓட்டுகிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்கு உதவும்.

ஒரு கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் நடத்திக் காட்டுவதுதான் மெய்நிகராக்கம். வெளியே இருப்பதைத் தாய்க்கணினி என்றும் உள்ளே ஓடுபவற்றை உள்கணினி என்றும் வைத்துக்கொள்வோம். லினக்ஸில் இதைச் செய்வது கேவிஎம். அது 2007 பெப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கேர்னலோடு (கணினியின் உறுப்புகளுக்கும் மென்பொருள்களுக்கும் நடுவில் நிற்கும் உட்கரு) சேர்ந்தே வருகிறது. அதற்கு மேல் கியூஎமு என்ற மென்பொருள் உள்கணினியை உருவாக்கிக் கொடுக்கிறது.

சமாளிப்பு என்று எதைச் சொல்கிறேன்? கேர்னலில் ஒரு வழு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியவர்கள் கேர்னல்காரர்கள். ஆனால் திருத்தம் வந்து, அது எல்லோருடைய கணினிக்கும் போய்ச் சேர வருடக்கணக்காகும். அதுவரை வழு தலைகாட்டாதபடி மேலே இருக்கும் மென்பொருளே சுற்றிப்போக ஒரு வழி எழுதிக்கொள்கிறது. அதுதான் சமாளிப்பு.

உதாரணம் ஒன்று. உள்கணினிக்கு ஒதுக்கிய நினைவகத்தின் அடுத்தடுத்த துண்டுகளை ஒன்றாக இணைக்க ஆரம்பகாலக் கேவிஎம்முக்குத் தெரியாது. கியூஎமு அதைச் சுற்றிப்போனது. பிறகு கேர்னல் திருந்தியது. “இப்போது இணைக்க முடியும்” என்று கேட்டால் சொல்லும் வசதியும் அதில் வந்தது. ஆனாலும் கியூஎமு அந்தச் சமாளிப்பைக் கைவிட்டது 2017 இல்தான்.

இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நட்டம்? நட்டம் உண்டு. அந்தப் பழைய கேர்னலை வைத்திருப்பவர் யாரும் இல்லாமல் போனபின், சமாளிப்பு வேலை செய்கிறதா என்று பரீட்சிக்கவும் ஆளில்லை. புதிதாக எதை எழுதினாலும் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பரீட்சிக்கப்படாத வரிகள் புதிய வழுக்களுக்கு இடம் கொடுக்கும்.

அப்படியானால் எப்போது எடுப்பது? கேர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்தால் போதாதா? போதாது. புதிய கியூஎமு, கேவிஎம்மோடு ஓடுவதற்கு 4.5 அல்லது அதற்குப் பிந்திய கேர்னலை எதிர்பார்க்கிறது. ஆனால் ரெட் ஹெட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 இன் கேர்னல் எண் 3.10. அதிலும் கியூஎமு ஓடியது. தேவையான திருத்தங்களை ரெட் ஹெட் நிறுவனம் பழைய கேர்னலுக்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது. ஆகவே எண்ணை நம்புவதைவிட, “இந்த வசதி உன்னிடம் இருக்கிறதா?” என்று கேர்னலிடமே கேட்பது சரியான முறை.

ஆனால் வழு திருந்திவிட்டதா என்பது பாதிக் கேள்விதான். அந்தச் சமாளிப்பில் வேறு யார் சாய்ந்திருக்கிறார்கள் என்பது மற்றப் பாதி. குளக்கட்டு உடைந்த மாரியில் மண்மூட்டை அடுக்குகிறோம். கட்டைத் திருத்திய பிறகும் அது அங்கேயே கிடக்கிறது. யாரோ அதை வயலுக்குப் போகும் பாதையாக்கிக்கொள்கிறார். மூட்டையை எடுக்கும் நாளில்தான் அவர் இருப்பதே தெரியவரும்.

லிப்வேர்ட் என்ற மென்பொருளில் (உள்கணினிகளையும் அவற்றின் வலையமைப்பையும் நிர்வகிப்பது) இதுதான் நடந்தது. ஒரே இயந்திரத்துக்குள் தகவல் போகும்போது, நேரத்தை மிச்சம்பிடிக்கக் கேர்னல் சரிபார்ப்புத் தொகையை (தகவல் சிதையவில்லை என்று பெறுபவர் கூட்டிப் பார்க்கும் எண்) நிரப்பாமல் விடுவதுண்டு. 2010 அளவில் ரெட் ஹெட் 5 ஓடிய உள்கணினிகள், தொகை பிழை என்று சொல்லி, வலையமைப்பு முகவரி கொடுக்க வந்த பதிலையே தூக்கியெறிந்தன. முகவரி கிடைக்காததால் வலையமைப்பும் இல்லை. லிப்வேர்ட், தீச்சுவர் விதி (எந்தத் தகவலை எப்படி விடுவது என்ற கட்டளை) ஒன்றைப் போட்டு, அந்தத் தொகையைத் தானே நிரப்பியது.

ரெட் ஹெட் 5 க்கான வழமையான ஆதரவு 2017 மார்ச்சில் முடிந்தது. 2024 யூனில் லிப்வேர்ட் 10.4.0, என்எஃப்டேபிள்ஸ் என்ற புதிய தீச்சுவர் முறைக்கு மாறியபோது, அதில் தொகை நிரப்பும் வசதி இல்லை. யாருக்கு இனி வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். நியாயமான கணக்குத்தான். ஆனால் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடும் உள்கணினிகள் முகவரி கிடைக்காமல் நின்றன. அவையும் இத்தனை வருடங்களாக அதே விதியின் தயவில்தான் ஓடியிருக்கின்றன! அந்த வேலையை வேறு வழியில் திரும்பச் சேர்க்க வேண்டி வந்தது.

உங்களுக்கு இதனால் என்ன? சேர்வரைப் புதுப்பித்த மறுநாள் சில உள்கணினிகளுக்கு மட்டும் முகவரி கிடைக்கவில்லை என்றால், கேபிளைக் கழற்றுமுன் அவற்றில் ஒன்றுக்குக் கையால் முகவரி கொடுத்துப் பாருங்கள். அப்போது வலையமைப்பு வேலை செய்தால், கோளாறு முகவரி வழங்கும் இடத்தில்தான்.

முன்கூட்டியே அறிவிப்பார்கள் அல்லவா? அறிவிப்பார்கள். கியூஎமு ஒன்றை நீக்குவதென்றால், முதலில் ஒரு பதிப்பில் எச்சரித்து, அடுத்த பதிப்பிலும் வைத்திருந்து, அதன் பிறகே எடுக்கும். வருடத்துக்கு மூன்று பதிப்புகள் வருவதால் அவகாசம் ஏறத்தாழ எட்டு மாதம். நாம் அந்த வேகத்தில் புதுப்பிக்கிறோமா? உபுண்டு 22.04 இல் கியூஎமு 6.2 இருந்தது, 24.04 இல் 8.2. நடுவில் ஐந்து பதிப்புகள் உங்கள் கண்ணில் படாமலே கடந்துபோயின. எச்சரிக்கையும் வந்தது, பொருளும் போனது, உங்களுக்குத் தெரியாது. டேட்டாவை எண்ணிப் பாவிக்கிற, புதுக் கணினி வாங்குவதைத் தள்ளிப்போடுகிற இடங்களுக்கு இதுதான் பெரிய இடர். ஆகவே தாண்டும்முன், இடையில் வந்த ஒவ்வொரு பதிப்பின் நீக்கப் பட்டியலையும் வாசியுங்கள். உள்கணினியை உருவாக்கியபோது அதில் பதிந்த இயந்திர வகையையும் (எந்தப் பதிப்பின் வன்பொருள் அமைப்பைக் காட்டுவது என்ற குறிப்பு) பாருங்கள்: கியூஎமு இப்போது மூன்று வருடம் கடந்த வகைகளுக்கு எச்சரிக்கிறது, ஆறு வருடம் கடந்தவற்றை நீக்குகிறது.

நீங்களே போட்ட சமாளிப்புகள் இருக்குமே, கடிகாரம் பிசகுகிறது என்று எப்போதோ சேர்த்த ஒரு வரி போல? ஏன் போட்டீர்கள் என்று தெரிந்தால், உள்கணினியின் பிரதி ஒன்றில் எடுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டைச் சேர்த்து எடுத்தால் எது குழப்பியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஏனென்று தெரியாதவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

வேகம் கூடும் என்று சொல்லி, 2018 சனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன் போன்றவற்றுக்கான பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள். வேண்டாம். மெல்ட்டவுன் கேர்னல் வழு அல்ல, செயலியின் (கணினியின் கணிக்கும் சில்லு) குறை. பழைய செயலி இருக்கும்வரை அதற்கான சமாளிப்பும் இருக்க வேண்டும்.

அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தப் பழைய இயந்திரம் வன்னியில் இன்னும் ஓடுகிறது என்று இந்த மென்பொருள்களை எழுதுபவர்களுக்குத் தெரிய வழியில்லை. நீக்க எச்சரிக்கை வந்த அந்த எட்டு மாதத்துக்குள் பழைய கணினி ஒன்றில் ஓட்டிப் பார்த்து, உடைந்தால் வழு அறிக்கை எழுதி அனுப்புங்கள்.