முதலாளி என்ற சொல்லுக்கு இரண்டு முகம்

கடைப் பையன் நம்மை "முதலாளி" என்று அழைத்தால் அது மரியாதை. அதே சொல்லை மேடையில் ஒருவர் சொன்னால் வசவு. இது ஏன் என்று வணிகப் பெருமக்கள் சிந்திக்க, நம் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1983-ல் பாண்ட்ஸ் நிறுவனம் கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலையைத் தொடங்கியது. அமெரிக்காவில் ஓடிய ஆலையின் இயந்திரங்களே இங்கு வந்தன. 1987-ல் அது யூனிலீவர் குழுமத்தின் கைக்குப் போய், பின்னர் இந்துஸ்தான் லீவர் பெயரில் நடந்தது. தோட்ட வேலையை நம்பிய மலையில் மாதச் சம்பளம் என்பது பெரிய விஷயம். அந்தச் சம்பளம் மளிகைக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு கிடப்பதைப் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டு வந்தன. அம்மாதமே ஆலை நின்றது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. தொழிலாளர் நோய்களுக்கு ஆலை காரணமல்ல என்று நிறுவனம் வாதிட்டு வந்தது. ஆயினும் 2016-ல் முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பாக உதவித்தொகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

"பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள்" என்பார் சிலர். "முதலாளி என்றாலே இப்படித்தான்" என்பார் வேறு சிலர். இரண்டும் சரியல்ல. ஆலை லாபம் சம்பாதித்தது என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. விஷக் கழிவு ஊருக்குள் விலைக்கு வந்ததும், ஆபத்தை முழுதாகச் சொல்லவில்லை என்பதுமே மக்களின் குறை. குறை சொன்னவர்களில் அங்கே வேலை பார்த்தவர்களும் உண்டு. அவர்களைத் தொழிலின் எதிரிகள் என்பது நியாயமா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கழிவு கிடந்த இடம் ஒரு சிறு வியாபாரியின் கடை. எடை போட்டு வாங்குகிறவருக்குச் சரக்கிலுள்ள பாதரசத்தை அளக்க ஏது கருவி? மேலே இருப்பவர் சொல்லாததன் பாரம் கீழே இருப்பவர் தலையில் விழுகிறது. மஞ்சள் தூளில் சாயம், டீத்தூளில் கலப்படம் என்றால் நம் கதியும் அதுதான். வாடிக்கையாளர் நம் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஆகவே, பெரிய நிறுவனத்தைக் கேள்வி கேட்பவரைக் கண்டு நாம் மிரள வேண்டாம். நாமும் கேட்போம். சரக்கு எங்கிருந்து வந்தது, தயாரித்தது யார் என்று விசாரித்து, பில்லோடு எடுங்கள். கேட்டால் கோபிக்கும் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்காதீர்கள். நானும் மொத்த வியாபாரிதான். என் கடைக்கும் இது பொருந்தும்.