புற்றுநோய் பயம்: ஓடவும் வேண்டாம், ஒளியவும் வேண்டாம்



நம் சுரண்டை வட்டாரத்தில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. நோய் வந்துவிட்டதோ என்ற பயத்தினாலேயே வருகிறவர்களும் உண்டு. இவர்களை "சும்மா நடிக்கா" என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தவறு. பயமும் ஒரு நோவுதான். அதற்கும் காரணம் உண்டு, சிகிச்சையும் உண்டு.

ஒரே தெருவில் இரண்டு தாய்மார்கள்

நம் ஊர்ப்பக்கம் அடிக்கடி காணும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் பீடி சுற்றும் தாய். வயது 35. அடுத்த வீட்டுப் பெரியம்மா புற்றுநோயில் இறந்துபோனார். அந்த விசேஷம் கழிந்ததிலிருந்து இவருக்குத் தொண்டையில் உருண்டை அடைப்பது போல ஓர் உணர்வு. சோறு இறங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது. ஆனாலும் "எனக்கும் அதுதான் வந்துட்டு போல" என்று அழுகிறார். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், "அவுக சரியா பாக்கலியோ?" உடனே தென்காசி, பிறகு திருநெல்வேலி, ஸ்கேன் மேல் ஸ்கேன். காதில் கிடந்த கம்மல் அடகுக்குப் போயிற்று. சுளகு மடியில் இருக்கிறது; கை மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாமவருக்கு வயது 50. மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. ஆறு மாதமாகத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. "போனா புத்துன்னு சொல்லிருவாவ. மக கல்யாணம் முடியட்டும்" என்று மனசுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்.

இருவருக்கும் இருப்பது ஒரே பயம். அது ஒருவரை ஓட வைக்கிறது. மற்றவரை ஒளிய வைக்கிறது. ஓடியவருக்குப் பணமும் தூக்கமும் போயிற்று. ஒளிந்தவருக்குப் போவது காலம். அவர் கட்டி புற்றாக இல்லாமலும் இருக்கலாம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் காட்டாமல் எப்படித் தெரியும்?

பயம் உடம்பில் என்ன செய்கிறது?

பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. ஆபத்திலிருந்து தப்பிக்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது. அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலப்பதால் இப்படி ஆகிறது. பாம்பு போனதும் அடங்கிவிடும். ஆனால் மனதுக்குள் பாம்பு இருந்தால் எப்போது அடங்கும்?

ஓயாத கவலையில் தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. உருண்டை நிற்பது போலத் தோன்றுகிறது. வயிறு புரள்கிறது, தலை கனக்கிறது. இவை பொய்யல்ல, உண்மையாகவே உணர்கிறார்கள். ஆனால் இவை பயத்தின் வேலை. ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தால் அந்த இடம் நோகத்தான் செய்யும். அந்த நோவைக் கண்டு பயம் இன்னும் கூடும். செக்கு மாடு போல ஒரே வட்டத்தில் சுற்றுகிறோம்.

தேவையில்லாத ஸ்கேனும் இந்த வட்டத்தைப் பெரிதாக்கும். தீங்கில்லாத சிறு மாற்றங்கள் பலர் உடம்பில் இருக்கும். அவை படத்தில் தெரிந்தால் புதுக் கவலைதான் மிச்சம்.

எவற்றைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்?

1. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு.
2. மார்பில் கட்டி, தோல் சுருக்கம், காம்பிலிருந்து இரத்தக் கசிவு.
3. மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு. தாம்பத்திய உறவுக்குப் பின் இரத்தப்போக்கு.
4. சோறு விழுங்கும்போது சிக்குதல். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் அல்லது இருமல்.
5. காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், மலத்தில் இரத்தம்.

இவை இருந்தால் புற்று என்று அர்த்தமல்ல. பார்க்க வேண்டும் என்று அர்த்தம். 30 வயது தாண்டிய தாய்மார்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சில நிமிட வேலை. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டும். பயப்படுவதைவிட இது ஆயிரம் மடங்கு பயன்.

அன்றைய பயம், இன்றைய மருத்துவம்

புற்று என்றாலே சாவு என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கை 1923-ல் இந்த நோயால் இறந்தார். அந்தத் துயரத்தை மனதில் வைத்து அவர் பாடுபட்டதன் பலனாக, 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955-ல் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்கள் 2021-ல் மறையும் வரை அதற்காகவே உழைத்தார். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக்கலாம் என்பதே அவர்கள் காட்டிய வழி. அக்கா துக்கத்தில் முடங்கவில்லை; தங்கைக்குக் கிடைக்காததை ஊருக்குக் கிடைக்கச் செய்தார்.

பயத்தை அடக்க என்ன செய்யலாம்?

* ஒரு டாக்டரிடம், ஒரு முறை, முழுமையாகக் காட்டுங்கள். மனதில் உள்ள பயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
* "எந்த மாற்றம் வந்தால் திரும்ப வரணும்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த மாற்றம் வராதவரை வேறு இடம் ஓட வேண்டாம்.
* கை கழுத்துக்குப் போகும்போது, "இந்த ஒரு கட்டு சுத்தி முடிச்சிட்டுப் பாக்கேன்" என்று தள்ளிப்போடுங்கள். முடிப்பதற்குள் பயம் தானே தணிவதைக் காண்பீர்கள். அடுத்த நாள் இரண்டு கட்டாக்குங்கள்.
* செல்போனில் நோய்களைத் தேடிப் படிப்பதை நிறுத்துங்கள்.
* தினம் கொஞ்சம் நடங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள்.

வீட்டாருக்கு

"ஒனக்கு வேற வேலை இல்ல" என்று ஏசாதீர்கள். நாளைக்குப் பத்துத் தடவை "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்வதாலும் பயன் இல்லை. "பயமா இருக்கா? டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்லா? வா, கடைக்குப் போயிட்டு வருவோம்" என்று வேலைக்குத் திருப்புங்கள்.

சில சந்தேகங்கள்

புற்றுநோய் தொட்டால் ஒட்டுமா? ஒட்டாது. நோயாளியோடு ஒரே தட்டில் உண்ணலாம்.

சதைப் பரிசோதனை செய்தால் பரவிவிடும் என்கிறார்களே? அந்தப் பயத்தினால் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். புற்றா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது அந்தப் பரிசோதனைதான்.

மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களே? பயத்துக்கு வைத்தியம் செய்வது பைத்தியம் அல்ல. பேச்சு வழியான சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஊர் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். பிறகு ஆரம்ப சுகாதார நிலையம், தென்காசி அரசு தலைமை மருத்துவமனை, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மன வேதனைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104. நோய் இருப்பதாகத் தெரிந்தாலும் செலவுக்கு அஞ்ச வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் உண்டு.

தாய்மார்களே! கட்டியை மறைத்தவர் இன்றே காட்டட்டும். காட்டி முடித்தவர் இன்றிரவு தூங்கட்டும்.

ஒளிக்காமல் காட்டுவோம்! ஓடாமல் நம்புவோம்!