வரி மீட்பும் கைக்கூலியும்

அரசனுக்கு வரி கொடுத்தலைப் பற்றி நம் புலவர் பாடியவை பல. மிகையாகக் கொடுத்த வரியைத் திரும்பப் பெறுதல் பற்றி யான் இதுவரை கற்ற நூல்களில் ஒன்றும் காணேன். ஞாயிற்றுப் பள்ளியிற் கேட்ட சகேயுவின் வரலாறே இப்பொருளில் யான் முதற்கண் அறிந்தது. எரிகோவூர் ஆயக்காரர் தலைவனாகிய அவன், அநியாயமாய் வாங்கியது உண்டாயின் அதனை நான்கு மடங்காக மீளக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டான். நம் நாட்டு வருமான வரிச் சட்டமோ, மீளத் தரும் தொகைக்குத் திங்களொன்றுக்கு நூற்றுக்கு அரை ரூபாய் வட்டி தருகின்றது. சகேயுவை நோக்க இது சிறிதே. எனினும், தன்னிடம் தங்கிய பணம் பிறருடையதென அரசே ஒப்புக்கொள்வதற்கு அவ்வட்டி ஓர் அடையாளம்.

மிகை வரி எங்ஙனம் உண்டாகின்றதெனின், கூறுதும். சம்பளம் கொடுக்கும் நிறுவனம் வரியை முன்னரே பிடித்து அரசுக் கணக்கிற் கட்டிவிடுகின்றது. காப்பீட்டுச் சந்தா, வீட்டுக் கடன் வட்டி முதலியவற்றின் சான்றுகளைக் கழிவு கோரும் ஊழியர் உரிய நாளிற் கொடாது விட்டால் பிடித்தம் மிகும். சிறு ஒப்பந்தக்காரர்க்கு அவர் பெறும் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடிக்கப்படும். பத்து இலட்ச ரூபாய்க்கு வேலை செய்து, கூலியும் சாமானும் போக வரி வரம்பிற்குட்பட்ட சிறு வருவாயே அவர்க்கு எஞ்சினும், பதினாயிரம் ரூபாய் முன்னரே அரசிடம் சென்றுவிடுகின்றது. அஃது அவர் பணம். அதனைக் கேட்டுப் பெறுவதே மீட்பு. ஊரார் ‘ரீபண்டு’ என்பர்.

எம்மூராகிய மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்குச் செல்வோருள் என் தந்தையாரும் ஒருவர். யான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்ததாக அவர் கூறியது இது. ஓராண்டில் அவர்க்கு மீள வேண்டிய தொகை ஆறாயிரத்துச் சில்லறை. காகிதத்தில் எழுதிய கணக்கை, வரி பிடித்த சான்றுடன் சேர்த்து ஓர் அலுவலகத்திற் கொடுத்தார். எட்டுத் திங்கள் கழித்துச் சென்று வினவியபோது சான்றைக் காணவில்லை என்றனர். வேறொரு படி கொணர்ந்து கொடுத்தார். அடுத்த முறை, காசோலைப் புத்தகம் தீர்ந்துவிட்டதென்றனர். மூன்றாம் முறை, இரவு ஷிப்டு முடித்து உறங்காது சென்றவரை வாயிற்புறத்து நின்ற ஒருவர் அழைத்து, “யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைப் பார்த்தீரா?” என்றார். அறுநூறு ரூபாய் கைமாறியது. பத்தாம் நாள் காசோலை வந்தது. அன்று தாம் செய்ததைத் தந்தையார் இன்றும் சிரித்துக்கொண்டு கூறுவதில்லை.

கேட்டவரை மட்டும் பழித்து இதனை விட்டுவிடுதல் எளிது. அக்காலத்தும் கைந்நீளாத அலுவலர் இருந்தனர். ஆராய வேண்டுவது, கேட்பதற்கு இடம் எங்ஙனம் வந்தது என்பதே. கணக்கைச் சரிபார்த்துத் தொகையைத் துணிவதும், காசோலை எழுதுவதும், காகிதம் எவ்விடத்துள்ளதென அறிவதும் ஆகிய மூன்றும் ஒரே அலுவலகத்தின் ஒரே மேசையிற் கூடியிருந்தன. வரி கொடுத்தவர்க்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. அவர் அறியாமையும் அலுவலரின் தாமதமும் சேருமிடத்தே கைக்கூலி பிறந்தது.

இம்மூன்றையும் பிரித்தமையே பின்னர் நிகழ்ந்த சீர்திருத்தத்தின் சாரம். முதலிற் பிரிந்தது காசோலை. 2007 ஜனவரி 24ஆம் நாள் தில்லியின் ஒரு பகுதியிலும் பாட்னாவிலும் வெள்ளோட்டமாகத் தொடங்கிய திட்டத்தின்படி, மீட்புத் தொகையைப் பாரத ஸ்டேட் வங்கியே வரி கொடுத்தவர்க்கு நேரே அனுப்பலாயிற்று. அடுத்துப் பிரிந்தது கணக்குப் பார்த்தல். 2009ஆம் ஆண்டில் பெங்களூரில் மையச் செயலகம் நிறுவப்பட்டது. நிறுவனங்கள் கட்டிய வரி ஒவ்வொருவருடைய பான் எண்ணிலும் பதிவாகின்றது. அப்பதிவையும் நாம் அனுப்பும் கணக்கையும் கணிப்பொறி ஒப்பிட்டு நோக்குகின்றது. என் தந்தையாரின் சான்று காணாமற்போனது போல் இன்று போதற்கில்லை. 2019 மார்ச்சு முதல், பான் எண்ணோடு இணைத்து உறுதி செய்த வங்கிக் கணக்கிற்கன்றி மீட்புத் தொகை செல்லாதென விதித்தனர். அதன் நிலையை அவரவரே இணையதளத்திற் காணலாம். 2013–14ஆம் ஆண்டில் ஒரு கணக்கை முடிக்கச் சராசரி 93 நாட்கள் ஆயினவென்றும், அது 10 நாட்களாகக் குறைந்ததென்றும் 2024 பிப்ரவரியில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்திற் கூறினார். சராசரியிற் சேராது மாதக்கணக்கிற் காத்திருப்போரும் உளர் என்பதை அவர் கூறவில்லை.

ஆழ்ந்து ஆராய வேண்டுமெனத் தேர்ந்த கணக்குகளுக்கு 2020 ஆகஸ்டு 13 முதல் முகமறியா மதிப்பீடு விரிவாக வந்தது. இன்னார் கணக்கு இன்ன ஊர் அலுவலரிடம் செல்க எனக் கணிப்பொறியே ஒதுக்கும்; இருவரும் ஒருவரையொருவர் காணார். தமிழ் பயில்வோர்க்கு இது முற்றும் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை (919, 921) நினைவு கூர்க. குடத்திலிட்ட ஓலையை, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் மீண்டும் தேர்தற்குத் தகாதவராக்கினர். எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பின்மை, கணக்கு ஊரறிய இருத்தல் என்னும் இரண்டையும் அவர்கள் சேர்த்தே வைத்தமை நோக்கத்தக்கது.

ஏனெனின், பொறி வந்தும் கணக்கு விளங்காவிடத்து வரி கொடுத்தவர் மீண்டும் அலுவலக வாயிலில் நிற்க நேர்கின்றது. பழைய கைப்பதிவேடுகளிலிருந்த பாக்கிகளைச் சரிபாராது பெங்களூர்க் கணிப்பொறியில் ஏற்றிவிட்டனர். அப்பிழைப் பாக்கிக்கு ஈடாகப் பலருடைய மீட்புத் தொகைகள் பிடிக்கப்பட்டன. தம் பாக்கி பொய்யென மெய்ப்பிக்க அவர்கள் ஊர் அலுவலரையே மீண்டும் நாடவேண்டியதாயிற்று. கணக்காயர் ஒருவர் எழுதிய கடிதத்தையே மனுவாகக் கொண்டு விசாரித்த தில்லி உயர்நீதிமன்றம், 2013 மார்ச்சில், முன்னறிவித்து மறுமொழி கேளாமல் மீட்புத் தொகையைப் பாக்கிக்கு ஈடு செய்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. யான் இத்தீர்ப்பைப் பொறிகளினும் உயர்வாக மதிக்கின்றேன்.

பொறியின் திறவுகோலும் மனிதர் கையதே. மேலலுவலரின் கடவுச்சொற்களைக் கொண்டு ஏறத்தாழ 264 கோடி ரூபாய் பொய்யான மீட்பாக வழங்கப்பட்டதென மும்பையில் ஒரு வருமான வரி ஊழியர் மீது மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்துள்ளது. அது நிற்க.

எம்மூர்த் தெருவில் இன்று காண்பது வேறு. கைக்கூலி கேட்பவர் மறைந்தார். அவர் பெயராற் பணம் வாங்குபவர் மறையவில்லை. ஆங்கிலத்திலுள்ள திரைகளைப் படிக்க அஞ்சுவோர் தம் கடவுச்சொல்லை இடையாள் ஒருவரிடம் ஒப்படைக்கின்றனர். சென்ற ஆண்டு எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர்க்கு அங்ஙனம் ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் மீட்டுத் தந்தார்; “உள்ளே நமக்கு ஆள் இருக்கிறார், அவர்க்குக் கொடுக்க வேண்டும்” என்று நாலாயிரம் பெற்றுக்கொண்டார். உள்ளே ஆளும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பெரியவர் ஒருபோதும் அளிக்காத நன்கொடைகளைக் கணக்கில் எழுதியதே அவர் செய்த வித்தை. இவ்வகை இடையாட்கள் தொடர்பாக 2025 ஜூலை 14ஆம் நாள் நாடெங்கும் 150 இடங்களிற் சோதனை நடந்தது. அதற்கு முந்திய நான்கு திங்களில் 40,000 பேர் தம் கணக்கைத் தாமே திருத்தி, 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றனர் எனவும் வருமான வரித்துறை அறிவித்தது.

கழிவுகளை மீண்டும் சரிபார்க்குமாறு அப்பெரியவர்க்கும் மின்னஞ்சல் வந்தது. அதனை யான் படித்துக் காட்டியபோது அவர் கேட்டது, “தம்பி, பெங்களூரில் யாரைப் பார்க்க வேண்டும்?” என்பதே. பார்ப்பதற்கு அங்கு ஒருவரும் இல்லை என்றேன், அவர் நம்பவில்லை. இரண்டு மாலைகள் உடனிருந்து அவர் கணக்கைப் புதுப்பித்து எழுதினோம். நாற்பதாயிரமும், அதற்கு வட்டியும், அவ்விரண்டும் கூடியதிற் காற்பங்கு மேல்வரியும் கட்டவேண்டி வந்தது. கூட்டுறவுச் சங்கத்திற் கடன் வாங்கிக் கட்டினார். இடையாளிடம் கொடுத்த நாலாயிரம் இன்னும் திரும்பவில்லை.