ரிஞ்சானி உச்சிக்கு ஏறும் வழி

இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள ரிஞ்சானி எரிமலையின் உயரம் 3,726 மீட்டர். செம்பாலுன் கிராமத்திலிருந்து ஏறுவோர், எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் கூடாரமடித்துத் தங்கி, நள்ளிரவுக்குப் பின் கைவிளக்குடன் உச்சிக்குப் புறப்படுவர்.

கடைசி ஏற்றந்தான் ஆளைச் சோதிக்கும். எரிமலை கக்கிய சாம்பலும் பொடிக்கற்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் குவிந்து கிடப்பதால், இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். குளிரையோ கேட்கவே வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறைந்துவிடுமே!

விடிந்ததும் பள்ளத்தில் செகாரா அனாக் ஏரி தெரியும். அனாக் என்றால் பிள்ளை என்பது நாம் அறிந்ததே. கடலின் பிள்ளையாம் அது! 1257இல் சமாலாஸ் மலை வெடித்து உள்ளே சரிந்ததால் உண்டானது இந்தப் பள்ளம்.

2018 ஜூலையில் நிலம் நடுங்கியபோது பாதைகள் சரிந்து, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மலையிலேயே சிக்கிக்கொண்டனர். பெரும்பாலோர் மறுநாள்தான் இறங்கி வந்தார்கள்.